எத்தனை விழுக்காடு? எதன் மீது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்படும் நாளில் கணக்கைப் பற்றியே சில சொற்கள் கூறுவது பொருத்தமெனக் கருதுகிறோம். அதிலும் குறிப்பாக, அன்றாடம் நம் காதில் விழும் 'விழுக்காடு' அல்லது 'சதவீதம்' என்னும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். காப்பி விலை இத்தனை சதவீதம் ஏறியது, அகவிலைப்படி இத்தனை சதவீதம் உயர்ந்தது, தள்ளுபடி இத்தனை சதவீதம், வட்டி இத்தனை சதவீதம் என்று நாள் முழுதும் கேட்கிறோம். கேட்டதும் தலையசைத்து விடுகிறோம். ஆனால் அந்த எண்ணை ஒப்புக்கொள்ளுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதன் மீது? இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால் ஏமாறுவதும் குறையும். நாம் அறியாமலே பிறருக்கு அநீதி இழைப்பதும் குறையும். இதுவே இவ்வுரையின் சாரம்.

மார்க்கமும் கணக்கும்

கணக்கு உலகியல் விஷயம், பள்ளிவாசலில் பேசத் தக்கதன்று என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது குறித்தே பேசுகிறது. அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரின் பெயரையே தாங்கி ஓர் அத்தியாயம், 83-ஆவது அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன், அமைந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ இயற்றிய 'அல்ஜப்ர்' நூலின் பெரும் பகுதி, வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்காகவே ஒதுக்கப்பட்டது. நியாயமாகப் பங்கிட வேண்டும் என்னும் தேவையும் அந்தக் கலை வளர ஒரு காரணமாயிற்று.

ஜகாத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை விழுக்காடு. வேளாண் விளைச்சலில் நீர் இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று, அதாவது ஐந்து விழுக்காடு. மழையாலும் ஊற்றாலும் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, அதாவது பத்து விழுக்காடு. புதையலுக்கு ஐந்தில் ஒன்று, அதாவது இருபது விழுக்காடு. எந்தெந்த விளைபொருளுக்கு இது கடமை என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. இங்கு நாம் கணக்கின் அமைப்பை மட்டுமே காண்கிறோம். நாற்பது, இருபது, பத்து, ஐந்து என்று படிப்படியாகச் சரிபாதியாகிறது. பாட்டன் காலத்துத் தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் சொன்னால் அரைமா, ஒரு மா, இருமா, நாலுமா. அந்தப் பழைய அளவுப் பெயர்களில் இவை நான்கும் அப்படியே அடங்கிவிடுகின்றன.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒவ்வொன்றிலும் 'எத்தனை' என்பதோடு 'எதன் மீது' என்பதும் சேர்த்தே விதிக்கப்பட்டுள்ளது. சேமித்த செல்வத்தின் மீது ஒன்று, விளைச்சலின் மீது ஒன்று. அடுத்து, பத்திலிருந்து ஐந்தாகும்போது 'ஐந்துதான் குறைந்தது' என்று சொல்லிவிட முடியாது, கடமை பாதியாகிவிட்டது. நீர் இறைப்பவனின் உழைப்புக்கு அவ்வளவு பெரிய சலுகை அது.

அடிப்படைக் கணக்கு

முதலில் எளிய உதாரணம். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஆவின் நிறை கொழுப்புப் பால், அதாவது ஆரஞ்சு நிறப் பாக்கெட், அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாயிற்று. உயர்வு 12 ரூபாய். இது எத்தனை விழுக்காடு? 12-ஐப் பழைய விலையாகிய 48-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 25 விழுக்காடு. புதிய விலையாகிய 60-ஆல் வகுத்தால் 20 என்று வரும், அது தவறு. உயர்வு எங்கிருந்து தொடங்கியதோ அதுவே அடித்தளம். 'பழையதால் வகு' என்பதை நம் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

ஏறியதும் இறங்கியதும் ஒரே எண்ணாயிருந்தாலும் ஈடாகிவிடுவதில்லை. 2018-ஆம் ஆண்டு சனவரியில் நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாக உயர்ந்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் 4 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உயர்வு 66 விழுக்காட்டுக்கும் மேல். குறைப்பு 20 விழுக்காடு. 66-இல் 20 போக 46 விழுக்காடு உயர்வு என்று கழித்துச் சொல்பவர் உண்டு. உண்மையில் 3 ரூபாய் 4 ரூபாயானது. ஆக உயர்வு 33 விழுக்காடும் சிறிது மேலும். முதல் விழுக்காடு 3 ரூபாயின் மீது, இரண்டாவது 5 ரூபாயின் மீது. அடித்தளம் வேறான இரண்டு விழுக்காடுகளைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது.

நம் மலையில் விடுதி நடத்துவோர் இதை நன்கு அறிவர். கோடை விழா நடைபெறும் மே மாதத்தில் 2,000 ரூபாய் அறைக்கு 50 விழுக்காடு கூட்டினால் 3,000 ரூபாய். கூட்டம் வடிந்தபின் அதே 50 விழுக்காட்டைக் குறைத்தால் 1,500 ரூபாய். பழைய விலைக்குத் திரும்பவில்லை. 500 ரூபாய் கீழே போய்விட்டது. பழைய விலைக்கு வர மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலே போதும்.

காப்பிக் கொட்டையும் காப்பித் தூளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலையில் வேரூன்றிய காப்பியே இன்றும் இங்குள்ள பலரின் வாழ்வாதாரம். எனவே காப்பியை வைத்தே சில கணக்குகளைப் பார்ப்போம்.

கொட்டையை வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு வரை குறையும். 20 என்றே கொள்வோம். கிலோ 400 ரூபாய்க்கு வாங்கிய கொட்டை ஒரு கிலோவை வறுத்தால் 800 கிராம் கிடைக்கும். ஆக ஒரு கிலோ தூளின் அடக்க விலை என்ன? '20 விழுக்காடு சேதாரம், ஆகவே 20 விழுக்காடு கூட்டினால் போதும்' என்று எண்ணி 480 ரூபாய் வைப்பவர் கிலோவுக்கு 20 ரூபாய் இழக்கிறார். 800 கிராமுக்கு 400 ரூபாய் என்றால் ஒரு கிலோவுக்கு 500 ரூபாய். கூட்ட வேண்டியது 25 விழுக்காடு. விறகு, கூலி, அரவை, இலாபம் எல்லாம் அதற்கு மேல்தான். எடை குறைந்தது 1,000 கிராமின் மீது; ஈடு செய்ய வேண்டியதோ 800 கிராமின் மீது.

விலை ஏற்றத்தின் கதைக்கு வருவோம். 1990-களின் நடுவில் காப்பி வாரியத்தின் தொகுப்பு விற்பனை முறை முடிவுக்கு வந்தபின் தோட்டக்காரர்கள் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை நேரடியாகச் சந்திக்க நேர்ந்தது. 2001-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. பல சிறு விவசாயிகள் பழத்தைப் பறிக்கும் கூலிகூடக் கிட்டாது தவித்த காலம் அது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே சந்தையில் அது 4 டாலரைத் தாண்டியது. 50 சென்ட் 400 சென்ட் ஆயிற்று என்றால் 700 விழுக்காடு உயர்வு. (எட்டு மடங்கு என்பது 800 விழுக்காடு உயர்வன்று, முதலில் இருந்த நூறு போக 700-தான் உயர்வு.)

இதைக் கேட்பவர் காப்பிக்காரர்கள் அனைவரும் கோடீசுவரர் ஆகிவிட்டனர் என்று எண்ணக்கூடும். ஆனால் அடித்தளத்தை மாற்றிப் பாருங்கள். 1975-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் கடும் உறைபனியால் காப்பிச் செடிகள் கருகியதன் விளைவாக, 1977-ஆம் ஆண்டில் விலை 3 டாலர் 30 சென்ட்டையும் தாண்டியிருந்தது. அந்த உச்சத்திலிருந்து கணக்கிட்டால் 4 டாலர் என்பது ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்வே. அதுவும் நாற்பத்தெட்டு ஆண்டுகளில்! எழுநூறும் உண்மை, இருபதும் உண்மை. ஒருவர் படுகுழியிலிருந்து அளந்தார்; மற்றவர் மலை உச்சியிலிருந்து அளந்தார். யாரேனும் 'இத்தனை விழுக்காடு உயர்ந்துவிட்டது' என்றால், எந்த ஆண்டிலிருந்து என்று கேளுங்கள். அந்த ஆண்டை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்றும் சிந்தியுங்கள். தோட்டம் விற்பவரும் வாங்குபவரும், கூலி கேட்பவரும் கொடுப்பவரும், தத்தமக்கு ஏற்ற ஆண்டையே தேர்ந்தெடுப்பர். நடுநிலையாளர் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

விழுக்காடும் விழுக்காட்டுப் புள்ளியும்

அடுத்து, படித்தவர்களும் தடுமாறும் ஓரிடம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான விடுதி அறைகளுக்கான ஜிஎஸ்டி வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதை எத்தனை விழுக்காடு குறைவு என்பது? 12-லிருந்து 5 போக 7. இது ஏழு விழுக்காட்டுப் புள்ளிகள். 2,000 ரூபாய் அறைக்கு வரி 240-லிருந்து 100 ஆயிற்று. வரி மட்டும் 58 விழுக்காடு குறைந்தது. விருந்தினர் கொடுக்கும் மொத்தத் தொகை 2,240-லிருந்து 2,100 ஆயிற்று; அது ஆறேகால் விழுக்காடுதான் குறைந்தது. ஏழு, ஐம்பத்தெட்டு, ஆறேகால் என மூன்று எண்களும் ஒரே செயலைக் குறிக்கின்றன. 'வரி ஏழு குறைந்ததே, பில்லில் ஏழு விழுக்காடு ஏன் குறையவில்லை' என்று கேட்கும் விருந்தினரிடம் கோபப்படாமல் இந்தக் கணக்கை விளக்கினால் வாக்குவாதம் எழாது.

அரசு ஊழியர் வீடுகளிலும் இதே நிலைதான். 2024-ஆம் ஆண்டு சூலை முதல் ஒன்றிய அரசு ஊழியரின் அகவிலைப்படி 50 விழுக்காட்டிலிருந்து 53 விழுக்காடாயிற்று. 'மூன்று விழுக்காடு உயர்வு' என்று செய்தி வந்தது. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின் மீது மூன்று. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் அகவிலைப்படியும் சேர்ந்து 45,000 ரூபாய் பெற்றுக்கொண்டிருந்தவர் 45,900 ரூபாய் பெற்றார். கையில் வரும் இந்தத் தொகையின் மீது உயர்வு இரண்டு விழுக்காடுதான். அதை மூன்றென்று எண்ணிச் செலவைக் கூட்டினால் மாதக் கடைசியில் கை கடிக்கும்.

சகோதரிகளுக்கு ஒரு கணக்கு. நகைக் கடையில் ஒரு பவுனுக்குச் சேதாரம் 12 விழுக்காடு என்று கொள்வோம். அதன் மீது ஜிஎஸ்டி 3 விழுக்காடு. கூட்டினால் 15 என்று நினைப்போம். ஆனால் வரி, தங்கத்தின் மீது மட்டுமன்றிச் சேதாரத்தின் மீதும் விழுகிறது. ஆகவே 100 ரூபாய்த் தங்கத்துக்கு 112 ரூபாய், அதன் மீது வரி சேர்ந்து 115 ரூபாய் 36 காசு. அதே நகையை விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பி வருவதில்லை. அதாவது தங்கத்தின் விலை பதினைந்து விழுக்காட்டுக்கும் மேல் ஏறிய பின்னரே போட்ட பணம் கைக்கு வரும். நகை அணிய விரும்பி வாங்குவது வேறு. சேமிப்பு என்று எண்ணி வாங்குவோர் இதை அறிந்து வாங்குதல் நலம்.

ஆண்டுகள் சேரும்போது

விலைவாசி உயர்வு விகிதம் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தது என்று செய்தி வந்தால் விலை குறைந்துவிட்டது என்று பலர் மகிழ்கின்றனர். அப்படியன்று. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பேருந்து, ஓரிடத்தில் ஏற்றம் சற்றுக் குறைந்தால் கீழே இறங்குகிறது என்று பொருளா? ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, வேகம்தான் குறைந்திருக்கிறது.

ஒரு தொகை எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. 72-ஐ ஆண்டு விழுக்காட்டால் வகுக்க வேண்டும். இந்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விலைவாசி உயர்வுக்கு நான்கு விழுக்காட்டை இலக்காக நிர்ணயித்தது. அந்த இலக்கிலேயே நின்றாலும் பதினெட்டு ஆண்டுகளில் விலைகள் இரட்டிக்கும். ஆறு விழுக்காடு என்றால் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே இரட்டிக்கும்.

இதை நம் பள்ளிவாசலுக்குள்ளேயே பொருத்திப் பார்க்க வேண்டியது நம் கடமை. ஓர் ஊரில் இமாமின் சம்பளம் ஆறு ஆண்டுகளாக மாறவில்லை என்று கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறியது என்று கொள்வோம். ஆறு ஆண்டில் அது முப்பதாகாது. முந்தைய உயர்வின் மீதே அடுத்த உயர்வு ஏறுவதால் 34 விழுக்காடாகும். அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு இன்று 134 ரூபாய். பழைய சம்பளத்தைக் கொண்டு அவர் வாங்கக்கூடியது முன்பு வாங்கியதில் முக்கால் பங்கே. கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, 'இமாமின் சம்பளத்தில் கால் பங்கைக் குறைக்கிறோம்' என்று எந்த ஜமாஅத்தும் சொல்லாது; சொல்ல நா எழாது. ஆனால் வாய் திறவாமல் இருந்ததாலேயே அதைச் செய்து முடித்திருக்கிறது. முஅத்தினுக்கும், மக்தப் ஆசிரியருக்கும், பள்ளிவாசலைத் துப்புரவு செய்பவருக்கும், நம் தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இதே கணக்குதான். கூலி எட்டு விழுக்காடு கூட்டினோம் என்று பெருமை கொள்ளுமுன், அதே காலத்தில் விலை எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டும். விலை ஆறு கூடியிருந்தால் உழைப்பாளிக்கு உண்மையில் மிஞ்சியது இரண்டுக்கும் குறைவு.

கடை வாடகைக்கும் இதே கணக்கைப் பார்க்கலாம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை ஒன்றின் மாத வாடகை 4,000 ரூபாய். ஆண்டுதோறும் ஐந்து விழுக்காடு உயர்வு என்பது ஓர் ஒப்பந்தம். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதினைந்து விழுக்காடு என்பது மற்றோர் ஒப்பந்தம். மேலோட்டமாக இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். முதலாவதில் மூன்று ஆண்டுகளின் மாத வாடகை 4,000, 4,200, 4,410. நான்காம் ஆண்டில் 4,630 ரூபாய் 50 காசு. இரண்டாவதில் மூன்று ஆண்டும் 4,000. நான்காம் ஆண்டில் 4,600. முதல் மூன்று ஆண்டுகளில் மட்டும் பள்ளிவாசலின் வரவில் 7,320 ரூபாய் வேறுபாடு. எது நல்லது என்பதை இங்கு நாம் தீர்மானிக்கவில்லை. வியாபாரம் மந்தமான வாடகைதாரருக்கு இரண்டாவது உதவியாயிருக்கலாம். பள்ளிவாசல் செலவுக்கு முதலாவது உதவலாம். கையொப்பமிடுமுன் இரு தரப்பாரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சிறிய அடித்தளமும் பெரிய எண்ணும்

ஒரு மக்தபில் நான்கு பிள்ளைகள் எட்டானால் நூறு விழுக்காடு வளர்ச்சி. வேறொன்றில் நாற்பது பேர் ஐம்பதானால் இருபத்தைந்து விழுக்காடுதான். விழுக்காட்டை மட்டும் பார்த்தால் முதலாவது பெரிது. பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது பெரிது. நாட்டளவிலும் இதற்குச் சான்றுண்டு. இந்திய மக்கள்தொகை 1991-லிருந்து 2001 வரை ஏறத்தாழ இருபத்தொன்றரை விழுக்காடு வளர்ந்தது. 2001-லிருந்து 2011 வரை ஏறத்தாழ பதினேழே முக்கால் விழுக்காடு வளர்ந்தது. விகிதம் நன்கு குறைந்தது. ஆனால் இரு பத்தாண்டுகளிலும் கூடிய மக்கள் ஒரே அளவு, ஏறத்தாழ 18 கோடியே 20 லட்சம் பேர். அடித்தளம் பெருத்ததால் விழுக்காடு சிறுத்தது. ஆகவே அறிக்கை எழுதுவோர் விழுக்காட்டோடு எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடன் என்னும் படுகுழி

இனி மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். வட்டி ஹராம் என்பதை இச்சபைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் நெருக்கடியில் சிக்கியவர் அதை நாடும்போது அதன் உண்மையான அளவை மறைப்பதற்குப் பேச்சு வழக்கே துணை போகிறது. 'மூன்று வட்டிதான்' என்பார்கள். மூன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். அது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு முப்பத்தாறு. கட்டாமல் விட்டு வட்டி அசலோடு சேர்ந்தால் இரண்டே ஆண்டில் கடன் இரட்டித்துவிடும்.

தண்டல் கடன் இதனினும் கொடிது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முன்பே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாய் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் கட்ட வேண்டும். 'பதினைந்து வட்டிதானே' என்று தோன்றும். முதலில், அது பத்தாயிரத்தின் மீது பதினைந்து. கையில் வந்த 8,500-இன் மீது பதினேழரைக்கும் மேல். அடுத்து, அது ஆண்டுக்கன்று, நூறு நாளுக்கு. மூன்றாவது, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டிருப்பதால் அந்த 8,500 முழுதும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் மக்கள் ஏன் சிக்குகின்றனர்? தேவை ஒரு காரணம். 'எதன் மீது, எத்தனை நாளுக்கு' என்று கேட்கத் தெரியாதது மற்றொரு காரணம். முதற்காரணத்துக்கு மருந்து பைத்துல்மால். இரண்டாவதற்கு மருந்து கல்வி.

இதன் மறுபக்கம், மாதம் பத்து விழுக்காடு தருகிறோம் என்று பணம் திரட்டுவோர். 2012-ஆம் ஆண்டில் பெருந்துறை வட்டாரத்து ஈமு கோழித் திட்டங்கள் சரிந்து, பெருந்தொகையான மக்கள் பணத்தை இழந்ததைக் கொங்கு நாடும் சேலமும் மறந்திருக்க முடியாது. இத்தகையோருக்கு எதிராக 1997-ஆம் ஆண்டிலேயே முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்கு முன்பே கணக்கு நம்மைக் காக்க வல்லது. மாதம் பத்து விழுக்காடு இலாபம் சேர்ந்துகொண்டே போனால் ஒரு லட்சம் ஓராண்டில் மூன்று லட்சத்தையும், மூன்றாண்டில் முப்பது லட்சத்தையும் தாண்ட வேண்டும். எந்தக் காப்பித் தோட்டம், எந்த மிளகுக் கொடி, எந்தக் கடை இப்படிக் காய்க்கும்? ஹலாலான எந்தத் தொழிலும் தர முடியாததை ஒருவன் உறுதியளிக்கிறான் என்றால், அவன் கொடுப்பது பின்னால் வந்து சேர்ந்தவரின் பணமே. பின்னால் வருவோர் நின்றதும் எல்லாம் நின்றுவிடும். தாமாகக் கணக்கிட இயலாதவர் பணத்தைக் கொடுக்குமுன் கணக்கறிந்த ஒருவரிடம் காட்டட்டும், அதில் வெட்கமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இறுதியாக நிர்வாகக் குழுவினர் முன்னும் ஜமாஅத்தார் முன்னும் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, சந்தாவோ வாடகையோ சம்பளமோ, எதை உயர்த்தினாலும் அறிவிப்புப் பலகையில் பழைய தொகை, புதிய தொகை, விழுக்காடு மூன்றையும் எழுத வேண்டும். அனைவருக்கும் ஒரே 50 ரூபாய் உயர்வு என்றால், 100 ரூபாய் கட்டும் கூலித் தொழிலாளிக்கு அது ஐம்பது விழுக்காடு. 1,000 ரூபாய் கட்டும் வசதியுள்ளவருக்கு ஐந்து விழுக்காடுதான். சமமாகத் தோன்றுவதெல்லாம் நீதியாகிவிடாது.

இரண்டாவது, இமாம், முஅத்தின், பணியாளர் ஊதியத்தை ஆண்டுக்கொரு முறையேனும் விலைவாசியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நிகழ்ச்சி நிரலில் நிரந்தரப் பொருளாக்க வேண்டும். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருப்பது அழகன்று.

மூன்றாவது, மக்தபின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜகாத் கணக்கு கற்பிக்கும்போதே விழுக்காட்டுக் கணக்கையும் கற்பிக்க வேண்டும். வீட்டுப் பால் கணக்கும் பேருந்துக் கட்டணமும் அதற்குப் பாடப் புத்தகமாகப் போதும்.

நான்காவது, கடன் பத்திரத்திலோ முதலீட்டுத் தாளிலோ கையொப்பமிடுமுன் அதைப் படித்துக் கணக்கிட்டுச் சொல்ல, நம் ஜமாஅத்தில் படித்த இளைஞர் இருவர் மஃரிபுக்குப் பின் வாரம் ஒருநாள் அலுவலகத்தில் அமர முன்வர வேண்டும். ஒரு குடும்பம் கடனில் விழாமல் காக்கப்பட்டாலும் அந்த நேரம் வீணாகாது.

எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு நில்லாமல், எதன் மீது, எப்போதிலிருந்து, எத்தனை காலத்துக்கு என்றும் கேட்போம். பிறர் நம்மிடம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் விடை சொல்வோம். கொடுக்கல் வாங்கலில் நேர்மையும் தெளிவும் உடைய சமுதாயமாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.